ஐப்டேசியாவைத் தின்ன வாங்கி வந்த மீன்

என் கடல்நீர் மீன்தொட்டியில் ஜனவரியில் ஒரே ஒரு ஐப்டேசியாதான் (பூ மாதிரி விரிந்து கொட்டும் ஒரு கடல் அனிமோன்) இருந்தது, லைவ் ராக் என்கிற கடல் பாறையின் ஓரமாக, பழுப்பு நிறத்தில், பார்க்க அழகாகக்கூட இருந்தது. சும்மா விடாமல் சுரண்டி எடுத்தேன். பாறையில் ஒட்டியிருக்கும் துணுக்கிலிருந்து மறுபடி முளைக்கும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. பிப்ரவரி கடைசியில் எண்ணினால் முப்பதுக்கு மேல். சிரிஞ்சில் எலுமிச்சைச் சாறு ஏற்றிக் குத்தினால் குத்தியது சுருங்குகிறது, பக்கத்தில் இரண்டு வருகிறது. அது கொட்டிக் கொட்டி, நான் வளர்க்கும் ஜோவா என்கிற பவளக் கொத்து விரியவே இல்லை.

தொட்டி 4க்கு 2க்கு 2 அடி. அடியில் கிரானைட் பலகை, கிருஷ்ணகிரியில் அது ஒன்றுதான் சல்லிசு. போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம், அதனால் ஆர்ஓ வடிகட்டி, அதற்கு மேல் மிச்ச உப்பையும் எடுக்கும் டிஐ வடிகட்டி, டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்பின் அளவு) பூஜ்யம் காட்டிய பிறகுதான் கடல் உப்பு கலப்பேன். அடர்த்தி 1.025, வெப்பம் 26. பவளம் என்று என்னிடம் இருப்பது ஜோவா, காளான் பவளம், ஒரு லெதர் பவளம். கல் பவளங்கள் 2001 முதல் வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலி இருக்கும் அதே அட்டவணை. யாராவது ரகசியமாகத் தருகிறேன் என்றால் வாங்காதீர்கள்.

ஐப்டேசியாவைத் தின்ன வண்ணத்துப்பூச்சி மீன் வாங்குவார்கள், அதில் எந்த வகையை வாங்குவது என்பதில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். ரக்கூன் ஐப்டேசியாவைத் தின்னும், கூடவே ஜோவாவையும் மேய்ந்துவிடும். ஆர்னேட் மாதிரி சிலது உயிருள்ள பவளத்தைத் தவிர வேறெதையும் தொடாமல் பட்டினியிலேயே போய்ச்சேரும், கடையில் "எல்லாம் சாப்பிடும் சார்" என்றுதான் சொல்வார்கள். பிரமிட் பவளத்துக்குப் பாதுகாப்பு, ஆனால் ஐப்டேசியா பக்கமும் போகாது. கடைசியில் நான் எடுத்தது காப்பர்பேண்ட், நீள மூக்கு உள்ள வகை.

மார்ச் இரண்டாம் வாரம் சென்னை கொளத்தூரில் வாங்கி, ராத்திரி பஸ்ஸில் தெர்மகோல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கடைத் தண்ணீரின் அடர்த்தி 1.019, அதனால் தனித் தொட்டியிலும் அதே அளவு வைத்து நாலைந்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். ஐந்து நாள் எதுவும் தின்னவில்லை. மைசிஸ் (குட்டி இறால் மாதிரித் தீனி) போட்டால் பக்கத்தில் வந்து ஒரு கண்ணால் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். வயிறு ஒட்டிப்போய்விட்டது, எனக்குத் தூக்கமே இல்லை. மீன்கடை அண்ணனிடம் "மட்டி வந்தா எடுத்து வையுங்கண்ணா" என்று சொல்லியிருந்தேன், ஆறாம் நாள் வந்தது. ஓட்டைப் பாதி திறந்து மணலில் வைத்தேன். கால் மணி நேரம் சுற்றிச் சுற்றி வந்தது, அப்புறம் தலைகீழாக நின்று அந்த நீள மூக்கை ஓட்டு இடுக்கில் நுழைத்து ஒரு இழுப்பு. ஒரு வாரம் கழித்துக் காலி ஓட்டுக்குள் மைசிஸை அடைத்து வைத்தேன், மட்டி என்று நினைத்துத் தின்று பழகிவிட்டது.

ஏப்ரலில் பெரிய தொட்டிக்கு மாற்றினேன். மூன்று வாரத்தில் முன்பக்கம் ஒரு ஐப்டேசியா இல்லை. கூடவே நான் ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்த குழாய்ப் புழுக்கள் இரண்டையும் முடித்துவிட்டது, அது போகட்டும். ஜோவாவைத் தொடவில்லை. லெதரை ஒரு தடவை கொத்தியது, இரண்டு நாள் சுருங்கிக் கிடந்து திரும்ப விரிந்துவிட்டது.

மே மாதம் ஒருநாள் மத்தியானம் கரண்ட் போய் 31 டிகிரி. பேட்டரி ஏர்பம்பும் விசிறியும்தான் காப்பாற்றின, ஆவியாகும் அளவுக்கு ஆர்ஓ ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

இப்போது ஒரு நாளைக்கு மூன்று வேளை தீனி, அதனால் நைட்ரேட் ஏறுகிறது, வாரம் 40 லிட்டர் தண்ணீர் மாற்றுகிறேன். தண்ணீர் வழிந்து வெளியேறும் ஓவர்ஃப்ளோ பெட்டிக்குள் இன்னும் இரண்டு ஐப்டேசியா இருக்கிறது, மீன் மூக்கு எட்டாது. நான் கை வைக்கவில்லை.