பொப்லானோ மிளகாய்: சுவரை விட்டு நகர்த்தியதும் காய் பிடித்தது

இன்று காலை எண்ணிப் பார்த்தேன்: காரம் குறைந்த பெரிய காய் மிளகாயான பொப்லானோ, நான்கு செடிகளில் 11 காய்கள்! பெரிய காய் 9 சென்டிமீட்டர். தோள் அகன்று, காம்பைச் சுற்றிப் பள்ளம் விழுந்து, நுனி கூம்பி, மினுமினுக்கும் கரும்பச்சையில் தொங்குகிறது. ஆறு வாரமாக உதிர்ந்த பூக்களையே பொறுக்கிக்கொண்டிருந்த எனக்கு இதைவிட என்ன வேண்டும்?

விதைப்பு, நாற்று, மண்கலவை எல்லாம் மற்ற மிளகாய்களுக்குச் செய்வதுதான். 12 நாளில் முளைத்தது. வம்பு தொடங்கியது பூத்த பிறகு. பூக்காம்பு தண்டோடு சேரும் கணு முதலில் வெளிறி மஞ்சளாகும். மறுநாள் தொட்டாலே போதும், இதழ் வாடாத முழுப் பூ கையோடு வந்துவிடும். தண்ணீரைக் கூட்டினேன், குறைத்தேன். இலைகள் உள்ளங்கை அகலத்துக்குத் தழைத்திருந்ததால் தழைச்சத்து உரத்தையும் நிறுத்தினேன். உதிர்வது நிற்கவில்லை. நிழல்வலை கட்டியதும் பகல் வெப்பம் 31 டிகிரிக்கு இறங்கியது, பூக்கள் மட்டும் கேட்கவில்லை.

பிறகுதான் வெப்பமானியை இரவிலும் செடிகளுக்கு நடுவே தொங்கவிட்டேன். இரவு பத்து மணிக்கு 27 டிகிரி! தோட்டத்தின் நடுவில் அதே நேரத்தில் 23தான். தொட்டிகளை ஒட்டியிருந்த சுவர் பகலெல்லாம் வெயில் குடித்து, இரவெல்லாம் அதைச் செடிகள்மேல் கக்கிக்கொண்டிருந்தது. இரவு 24 டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டால் பெரிய காய் மிளகாய்கள் பூவை உதிர்த்துவிடும். பொப்லானோவின் பெயரே மெக்சிகோவின் புவெப்லாவிலிருந்து வந்தது. அந்நகரம் கடல்மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. குளிர்ந்த இரவுக்குப் பழகிய இனத்தைச் சூடான சுவரோடு சாய்த்து வைத்திருந்திருக்கிறேன்.

மூன்று தொட்டிகளைச் சுவரிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி வைத்தேன். ஒன்றை வேண்டுமென்றே அங்கேயே விட்டேன். அதே வாரம் மகரந்தம் சேரட்டும் என்று பூக்களைத் தட்டிவிடவும் தொடங்கியதால், எது பலன் தந்தது என்று தெரிய வேண்டும் அல்லவா? காலை எட்டு மணிக்கு மேல் ஊதா நிற மகரந்தப்பைகள் வெடித்து வெளிர்த்தூள் தெரியும்போது, பேட்டரி பல்துலக்கியின் பின்புறத்தைப் பூக்காம்பில் இரண்டு விநாடி வைத்தேன். நான்கு செடிகளுக்கும் இதையே செய்தேன். நகர்த்திய மூன்றிலும் சேர்த்துப் பத்துக் காய்கள், சுவரோரச் செடியில் ஒன்றே ஒன்று. ஆகவே காரணம் சுவர்தான் என்பது என் முடிவு. ஆனாலும் தட்டுவதை விடமாட்டேன்.

விதையைப் பற்றி ஒரு வார்த்தை. போன பருவத்தில் பொப்லானோ என்று வாங்கிய விதையில் விரல் மொத்தத்தில் கொடுங்காரக் காய்கள் வந்தன. காய்க்கும் வரை ஏமாந்தது தெரியாது, ஒரு பருவமே வீணானது. இன்னும் எரிச்சல் தீரவில்லை. இம்முறை விதையை நானே எடுக்கப்போகிறேன். பக்கத்தில் வேறு மிளகாய்கள் பூத்திருப்பதால், அவற்றின் மகரந்தம் கலந்துவிடாமலிருக்க மூன்றாவது செடியின் முதல் கவட்டில் இரண்டு மொட்டுகளுக்கு மெல்லிய வலைப்பை கட்டிவிட்டேன்.

பறிப்பதற்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் உலர்த்தும் யோசனை வந்துவிட்டது. நான்கு காய்களைச் செடியிலேயே சிவக்க விட்டு ஆஞ்சோவாக (உலர்ந்த பொப்லானோவுக்கு அதுதான் பெயர்) காயவைக்க ஆசை. சதை தடிப்பு, முழுசாக வைத்தால் உள்ளே பூஞ்சை பிடிக்குமோ என்று பயம். இரண்டைப் பக்கவாட்டில் கீறியும் இரண்டை முழுதாகவும் வைத்துப் பார்க்கப்போகிறேன். சுவரோரத் தொட்டியை இன்று மாலையே நடுவுக்கு நகர்த்துகிறேன்.