காகிதக் கதவுகளுக்குள் ஒரு பூட்டிய அறை

உள்ளே தாழிட்ட அறையில் பிணம் கிடக்க, கொலையாளி மட்டும் மாயமாகியிருக்கும் மேலைநாட்டுக் கதைக்குக் கனத்த சுவரும் உறுதியான கதவும் வேண்டும். காகிதம் ஒட்டிய தள்ளுகதவுகளால் அறைகளைப் பிரிக்கும் ஜப்பானிய வீட்டில் அது எடுபடாது என்ற எண்ணம் அங்கே நெடுநாள் நிலவியது. துப்பறியும் கதை எழுத்தாளர் எடோகாவா ராம்போ 1925-லேயே, பழைய புத்தகக்கடையில் நடக்கும் ஒரு கொலையைக் கொண்டு அதை மறுக்க முயன்றார். எனினும் முழு விடையைத் தந்தவர், போரின் முடிவில் ஒகயாமா கிராமப்புறத்தில் தங்கி, பூட்டிய அறைக் கதைகளுக்குப் பெயர்பெற்ற அமெரிக்க எழுத்தாளர் ஜான் டிக்சன் காரின் நாவல்களில் மூழ்கியிருந்த யோகோமிசோ செய்ஷிதான் என்பேன்.

1946-இல் தொடராக வந்த அவருடைய 'ஹோன்ஜின் கொலை வழக்கு' நாவலில், பிரபுக்கள் தங்கிச்செல்லும் விடுதியை ஒருகாலத்தில் நடத்திய பழங்குடும்பத்தின் மணமக்கள், திருமண இரவிலேயே வெட்டுண்டு கிடக்கிறார்கள். மரத்தாலான புறக்கதவுகள் உள்ளிருந்து அடைக்கப்பட்டிருக்கின்றன. சுற்றிலும் பெய்த பனியில் காலடித் தடமில்லை. தோட்டத்துக் கல்விளக்கின் அருகே வாள் ஒன்று செங்குத்தாக நிற்கிறது. விடியலுக்கு முன் கேட்டதோ கோட்டோ என்னும் தந்தி வாத்தியத்தின் ஒலி. புதிரின் விடையைச் சொல்லப்போவதில்லை. ஆனால் வாள், வாத்தியம், வீட்டின் அமைப்பு, குலப்பெருமை ஆகியவற்றில் ஒன்றை எடுத்துவிட்டாலும் கதை நிற்காது. கடன்வாங்கிய உத்தியை யோகோமிசோ மறைக்கவுமில்லை: அக்குடும்பத்து இளைஞனின் அலமாரியில் துப்பறியும் நாவல்கள் நிறைந்திருக்க, அவனும் துப்பறிபவர் கிந்தாய்ச்சியும் பூட்டிய அறைக் கதைகளின் தரத்தைப் பற்றி அங்கேயே விவாதிக்கிறார்கள். கிந்தாய்ச்சியோ கசங்கிய ஹகாமா உடையில், பரட்டைத் தலையைச் சொறிந்துகொண்டு, பரபரப்பு மிகுந்தால் திக்கிப் பேசுபவர்; லண்டன் கனவான் துப்பறிவாளரின் மிடுக்கு அவரிடம் மருந்துக்கும் இல்லை.

இத்தகைய மாளிகைப் புதிர்களில் நம்பிக்கையில்லாத எழுத்தாளர் மாட்சுமோட்டோ செய்ச்சோ வேறு வழியில் சென்றார். 1957-இல் அவர் எழுதத் தொடங்கிய 'புள்ளிகளும் கோடுகளும்' நாவலில் பூட்டிய அறைக்குப் பதில் ரயில் கால அட்டவணை வருகிறது. டோக்கியோ நிலையத்தின் 13-ஆம் நடைமேடையில் நிற்பவருக்கு, குறுக்கே ரயில்கள் மறைக்காமல் 15-ஆம் நடைமேடை தெரிவது மாலையில் 4 நிமிடங்கள் மட்டுமே. அந்த இடைவெளியில் சாட்சிகள் ஒரு ஜோடியைப் 'பார்க்க நேர்ந்தது' தற்செயல்தானா என்ற ஐயத்தில் வழக்கு விரிகிறது. குற்றம் நடந்தபோது வேறிடத்தில் இருந்ததாக ரயில் நேரத்தைக் கொண்டு காட்டும் அலிபியை ஐரிஷ் எழுத்தாளர் கிராஃப்ட்ஸ் முன்பே திறம்படக் கையாண்டவர்தான். ஆயினும் ரயில்கள் குறித்த நிமிடத்தில் வந்துபோகும் நாட்டில்தான் ஒரு கொலையாளி இந்த 4 நிமிடங்களை நம்பித் திட்டம் தீட்ட முடியும்.