பைசாந்தியத்தை ஒரு காசில் படித்த கதை

எம்.ஏ. வரலாற்றை அஞ்சல் வழியில் படித்தபோது பைசாந்தியப் பேரரசு, அதாவது கான்ஸ்டாண்டிநோபிளைத் தலைநகராகக் கொண்ட கிழக்கு ரோமானியப் பேரரசு, என்னை ஒருமுறை கவிழ்த்துவிட்டது. 'வீழ்ச்சிக்கான காரணங்கள்' என்று கேட்டிருந்தார்கள். 1453இல் ஒட்டோமான் சுல்தான் இரண்டாம் மெஹ்மத் கொண்டுவந்த பீரங்கி, தரைமேல் இழுத்துப்போன கப்பல்கள், மே 29 அன்று கான்ஸ்டாண்டிநோபிள் விழுந்தது என்று நாலு பக்கம் எழுதித் தள்ளினேன். அரியர்தான் மிச்சம். கேட்டது காரணம், நான் எழுதியது கடைசி நாள் நிலவரம்.

அடுத்த முறை மன்னர் பட்டியலை மூடிவைத்துவிட்டு, ஒரே ஒரு தங்கக் காசைப் பிடித்துக்கொண்டேன். பேரரசர் கான்ஸ்டன்டைன் அடித்த சாலிடஸ் என்ற காசு. சுமார் நாலரை கிராம். அரைச் சவரனுக்குக் கொஞ்சம் மேல். ஏறக்குறைய 700 ஆண்டுகள் அதன் மாற்று பெரிதாகக் குறையவில்லை. 6ஆம் நூற்றாண்டில் காஸ்மாஸ் என்ற அலெக்சாண்டிரியா வணிகர் ஒரு கதை எழுதியிருக்கிறார். இலங்கை அரசன் முன்னால் ஒரு ரோமானிய வணிகனும் ஒரு பாரசீகனும் 'எங்கள் மன்னர்தான் பெரியவர்' என்று மல்லுக்கட்ட, இரண்டு காசையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்றானாம் ரோமானியன். இங்கே தங்கம், அங்கே வெள்ளி. வழக்கு முடிந்தது. நடந்ததோ இல்லையோ, எழுச்சி பற்றிய விடைக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

மதச் சண்டையும் அதே காசில் தெரியும். 7ஆம் நூற்றாண்டின் கடைசியில் இரண்டாம் ஜஸ்டினியன் அதில் கிறிஸ்துவின் முகத்தைப் பொறித்தார். அவருக்குப் பின் அது மறைந்தது. உருவ வழிபாட்டுத் தகராறு 843இல் ஓய்ந்த பிறகு திரும்பி வந்தது. ஹாகியா சோபியா தேவாலயம், முதலாம் ஜஸ்டினியனின் சட்டத் தொகுப்பு இரண்டையும் தனியாகத்தான் படிக்க வேண்டும். காசு அங்கே உதவாது.

சரி, வீழ்ச்சி. 11ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே தங்கத்தில் கலப்படம் ஏறத் தொடங்கியது. 1071இல் மான்சிகர்ட் போரில் செல்ஜுக் துருக்கியரிடம் தோற்ற பின் அனதோலியாவின் (இன்றைய துருக்கியின் ஆசியப் பகுதி) பெரும்பகுதி கைநழுவ, வரியும் போயிற்று, படையாளும் போயிற்று. 1080களில் காசில் தங்கம் பெயருக்குத்தான். 1092இல் முதலாம் அலெக்சியோஸ் புதுக் காசு அடித்தும் பழைய மாற்று வரவில்லை. 1204இல் சிலுவைப் போர்க்காரர்களே தலைநகரைச் சூறையாடினார்கள். 1343இல் அரச நகைகள் வெனிஸில் 30,000 டுகாட்டுக்கு (வெனிஸின் தங்கக் காசு) அடகு போயின, மீட்கவே இல்லை. 1347 முடிசூட்டு விழாவில் மணிமுடியில் மின்னியது கண்ணாடிக் கல், விருந்துக்கு மண் தட்டும் ஈயத் தட்டும். நகையை அடகு வைத்த வீட்டுக் கல்யாணம் எப்படியிருக்கும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

இவ்வளவையும் எழுதிய பிறகு மெஹ்மதின் பீரங்கிக்கு நாலு வரிதான் இடம் இருந்தது. அந்த முறை பாஸ்.