டாப்சிலிப் நாட்குறிப்பு: பிப்ரவரி, மார்ச்

பிப்ரவரி 4

மாற்றல் ஆர்டர் இன்றும் வரவில்லை. கேட்டால் "வரும் மேடம்" என்கிறார்கள். எந்த ஊருக்கு என்று மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை.

பிப்ரவரி 6

ஏழாம் வகுப்புப் பிள்ளைகள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதல் கேள்வி: "புலி வருமா மிஸ்?" நான் மிஸ் இல்லை, வனவர் என்று சீருடையைக் காட்டினேன். இரண்டே நிமிடத்தில் மறுபடியும் மிஸ் ஆகிவிட்டேன்.

ஓடைக்கரைச் சேற்றில் யானைத் தடம், புதிது. முன்னங்கால் தடத்தின் சுற்றளவை இரண்டால் பெருக்கினால் தோள் வரையிலான உயரம் ஏறக்குறைய கிடைத்துவிடும். நாலு பேர் மண்டியிட்டுச் சணல் கயிற்றை விளிம்போடு ஒட்டிவைத்து அளந்தார்கள். 125 செ.மீ. பெருக்கிப் பார்த்ததும் கூச்சல் நின்றுவிட்டது. எல்லோரும் புதரைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி செருப்பைக் கழற்றித் தன் காலையும் அளந்தாள். கணக்கு அவள் தோளுக்கு எட்டவில்லை. "நான் யானை இல்லை" என்று நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டுக்கொண்டாள்.

பிப்ரவரி 7

விடியற்காலை கரியன் சோலை. ஆண் இருவாட்சிப் பறவை கூட்டுக்கு வந்தது. தொண்டையிலிருந்து அத்திப்பழங்களை ஒவ்வொன்றாக மேலே கொண்டுவந்து பொந்தின் பிளவுக்குள் நீட்டியது. உள்ளேயிருந்து பெண்ணின் அலகு நுனி மட்டும் தெரிந்தது. எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 12

தேக்கின் இளந்தளிரைக் கசக்கினால் கை சிவக்கும் என்று காட்டினேன். அரைமணி நேரத்தில் மொத்த வகுப்புக்கும் மருதாணி. வெள்ளைச் சட்டைகளைப் பார்த்து ஆசிரியை தலையில் அடித்துக்கொண்டார்.

பிரிட்டிஷ் கால வன அதிகாரி ஹியூகோ வுட் கல்லறைக்கு முன்னால் வழக்கமான உரை. கப்பலுக்கும் ரயில் பாதைக்கும் இந்த மலையை மொட்டையடித்துக்கொண்டிருந்த காலத்தில் மறுபடி துளிர்க்கட்டும் என்று அடிக்கட்டையை விட்டு வெட்டச் சொன்னவர், சட்டைப்பையில் தேக்கு விதையோடு நடந்தவர் என்றெல்லாம் சொன்னேன். 1933-இல் இறந்த மனிதரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனாலும் வரிசை வரிசையாகத் தேக்கு நிற்கிற இடத்தைக் காடு என்று பிள்ளைகளிடம் சொல்ல நாக்கு கூசுகிறது. இருவாட்சிக்கு இதில் ஒரு பொந்து கிடைக்குமா?

பிப்ரவரி 15

ஆண் இருவாட்சி வரவில்லை. மதியம் வரை இருந்தேன்.

பிப்ரவரி 16

இன்றும் இல்லை. அண்ணன் (வேட்டைத் தடுப்புக் காவலர், எனக்கு முன்பே இந்தக் காட்டில் பிறந்தவர்) சொல்கிறார்: "வேறு பக்கம் அத்தி பழுத்திருக்கும், சும்மா இரும்மா." எப்படிச் சும்மா இருப்பது? பொந்துக்குள் பெண், தன் எச்சத்தாலேயே வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். சிறகிறகுகளை உதிர்த்திருப்பாள், வெளியே வந்தாலும் பறக்க முடியாது. அவன் வந்தால்தான் சாப்பாடு. மின்கம்பியா, கழுகா, வயதா? சாப்பிடும்போதும் இதே நினைப்பு. குழம்பில் உப்பு போட்டேனா என்றுகூடத் தெரியவில்லை.

பிப்ரவரி 18

மேலேயிருந்து போன். நாளை வருகிற பள்ளிக்கு இருவாட்சிக் கூட்டைக் காட்ட வேண்டுமாம், படம் எடுத்து அனுப்ப வேண்டுமாம். முடியாது என்றேன். குரல் உயர்ந்தது, என்னுடையதும்தான். மாற்றல் வருகிற நேரத்தில் வீண் பகை என்று அண்ணன் முணுமுணுத்தார். இருக்கட்டும்.

பிப்ரவரி 19

கூட்டுப் பக்கமே போகவில்லை. பதிலுக்கு, பத்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து காதில் விழுந்ததை எழுதச் சொன்னேன். சில்வண்டு, கருமந்தி, டீச்சர் வளையல், விமானம். கடைசி வரிசைப் பையன்: "என் வயிறு." இதைவிட நேர்மையான பட்டியல் இந்தப் பருவத்தில் வரவில்லை.

கோழிகமுத்தி யானை முகாமில் கும்கி கலீம் 2023-இல் பணி ஓய்வு பெற்றதைச் சொன்னதும் அவனே கேட்டான்: "பென்ஷன் உண்டா?" களியும் வெல்லமும் உண்டு என்றேன். "டிரான்ஸ்பர்?" என்றான். பதில் சொல்லாமல் நடையைக் கட்டினேன்.

பிப்ரவரி 22

வந்துவிட்டான்! ஆளைப் பார்ப்பதற்கு முன்பே இறக்கையோசை. ராத்திரி இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.

பிப்ரவரி 23

அதே ஆண்தானா?

மார்ச் 1

புல் காய்ந்துவிட்டது. தீத்தடுப்புக் கோடு வேலை. 2018 மார்ச்சில் மலையேறப் போனவர்களைப் பலிகொண்ட குரங்கணித் தீக்குப் பிறகு இந்த மாதங்களில் யாரையும் மலையேற்றிக் கூட்டிப்போகும் துணிச்சல் எனக்கில்லை. வர இருந்த பள்ளிகளுக்கு மழைக்குப் பிறகு வாருங்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். மழைக்குப் பிறகு இங்கே யார் இருப்பார்களோ, அதை நான் சொல்வதில்லை.

மார்ச் 4

தீக்கோட்டில் முழுநாள். தொண்டையெல்லாம் சாம்பல். பொந்துப் பக்கம் போக முடியவில்லை, அண்ணனை அனுப்பினேன். திரும்பி வந்தவர் தலையை மட்டும் ஆட்டினார். வந்ததென்றா, வரவில்லையென்றா என்று கேட்பதற்குள் பொள்ளாச்சியிலிருந்து போன். "உங்கள் ஆர்டர்..." என்பது வரை கேட்டது. சிக்னல் போய்விட்டது. மேட்டுக்கு ஏறிப் பேச வேண்டும்.