தபால் தலையில் ‘காலியா’: உடல் முடிந்தது, கடல் பாதி

பழைய தபால் தலைகளை வெட்டி அட்டையில் ஒட்டி ஒரு கப்பல் படம் செய்துகொண்டிருக்கிறேன். கப்பலின் உடல் ஒட்டி முடிந்தது, புகைபோக்கியும் நிற்கிறது. இனி கடல்தான் பாக்கி. இதுவரை செய்து பார்த்ததில் தெரிந்துகொண்டதை எழுதி வைக்கிறேன்.

நான் எடுத்துக்கொண்டது ‘காலியா’. வ.உ.சி. 1906இல் தூத்துக்குடியில் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி, பிரிட்டிஷ் கம்பெனிக்குப் போட்டியாகக் கொழும்புக்கு விட்ட இரண்டு நீராவிக் கப்பல்களில் ஒன்று. இன்னொன்று ‘லாவோ’. சேலத்தில் பூ வாங்கப் போகிற எல்லாரும் வ.உ.சி. மார்க்கெட் என்கிறோம். அந்தப் பெயரைச் சொல்லும்போது அவருடைய கப்பலும் மனதில் வர வேண்டும் என்பது என் ஆசை.

பெயிண்ட் தொடுவதில்லை, எல்லா நிறமும் தபால் தலையிலிருந்தே வர வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டேன். கிழிந்தது, விளிம்புப் பல் போனது, கறை பட்டது என்று சேகரிப்பவர்கள் ஒதுக்கும் தலைகள்தான் எனக்கு வேண்டும். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பழைய மண்டியில், கம்பியில் குத்தி வைத்திருந்த கடிதங்களின் உறைகளைக் கட்டாகக் கொடுத்தார்கள். ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டிலிருந்தும் கொஞ்சம் வந்தது. மலை ஈரத்தில் கிடந்து அவற்றில் தேமல் மாதிரி பழுப்புப் புள்ளிகள் படர்ந்திருந்தன. நீர்மட்டத்துக்குக் கீழே துருவேறிய இரும்புக்கு அதைவிடப் பொருத்தமான நிறம் எந்தக் கடையிலும் கிடைக்காது. அடிப்பகுதி முழுவதும் ஏற்காட்டுத் தலைகள்தான்.

உறையோடு வெட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்க விட்டால் கால் மணி நேரத்தில் பசை இளகித் தலை தானாகக் கழன்று வரும். இழுக்கவே கூடாது. சிவப்பு, ஊதா உறைகளைத் தனிக் கிண்ணத்தில் போடுங்கள், சாயம் இறங்கி மற்றதையும் கெடுக்கும். பழைய வேட்டித் துணியில் முகம் கீழாகப் பரப்பி, அரை ஈரத்தில் கனமான புத்தகத்துக்கு அடியில் வைத்தால் சுருளாது. ஒட்டுவதற்கு மைதா பசையை விட்டுவிட்டு ஃபெவிகாலைத் தண்ணீர் கலந்து மெலிதாகத் தடவுகிறேன். மைதா வாசனைக்குப் பூச்சி வரும்.

வெட்டுவதில் ஒரு கட்டுப்பாடு உண்டு: மனித முகம் உள்ள தபால் தலையில் கத்தரி வைக்க மாட்டேன். பொருட்கள், பயிர்கள் உள்ளவற்றை மட்டும் வெட்டுகிறேன். அணியத்தின், அதாவது கப்பலின் முன்முனையின், சரிவுக்குக் கைத்தறி நெசவு போட்ட பழைய 2 ரூபாய்த் தலைகளைக் குறுக்காக வெட்டினேன். தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த ஊர்க்காரன் என்பதால் அவை முன்னால் நிற்கட்டும் என்று தோன்றியது. வ.உ.சி. நூற்றாண்டுக்காக 1972 செப்டம்பர் 5 அன்று வெளியான தலை மட்டும் முழுதாக, மேல்தளத்தின் நடுவில், எதுவும் மறைக்காமல் இருக்கிறது.

சரி, கடலுக்கு வருவோம். நீலத் தலைகளை அடுக்கினால் போதும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அடுக்கிப் பார்த்தால் அது சுவர் மாதிரி அசையாமல் நிற்கும். அலையைக் கொடுப்பது அஞ்சலகத்தில் தலை மேல் குத்தும் முத்திரைதான். பெரிய அஞ்சலகங்களில் மெஷினில் குத்தும்போது, தேதி வட்டம் உறையிலும் நெளிகோடுகள் தலை மேலும் விழும். அப்படிப்பட்ட தலைகளைப் பொறுக்கி, ஒன்றின் கோடு அடுத்ததில் தொடரும்படி ஒட்டினால் தண்ணீர் ஓடத் தொடங்கிவிடுகிறது. நிறம் பச்சையா பழுப்பா என்பதுகூட அப்புறம் கண்ணில் படுவதில்லை. அணியம் தண்ணீரைக் கிழிக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைப் பல் விளிம்புகளைத் தனியே நறுக்கி நுரையாக வைத்தேன். கையால் குத்திய முத்திரையின் கரிய மைத் திட்டுகள் எல்லாம் புகைக்குப் போய்விட்டன.

நெளிகோட்டுத் தலைகள் கிட்டத்தட்டத் தீர்ந்துவிட்டன. பழைய உறைகள் வைத்திருப்பவர்கள் தூக்கிப் போடும் முன் ஒரு வார்த்தை சொல்லுங்கள், சேலத்துக்குள் என்றால் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். கடல் முடிந்ததும் வார்னிஷ் பூசப் போவதில்லை, காகிதம் மஞ்சளாகிவிடும். கண்ணாடி தலைகளைத் தொடாதபடி கொஞ்சம் இடைவெளி விட்டுச் சட்டம் போட்டுவிட்டு, ‘லாவோ’வுக்கு அட்டை வெட்டுவேன்.