பந்து ஊதிய தெரு

லண்டன் யூஸ்டனில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் ரக்பி என்ற ஊர் வந்துவிடுகிறது. 2015 செப்டம்பர், ரக்பி ஆட்டத்தின் உலகக் கோப்பைப் போட்டிகள் இங்கிலாந்தில் நடந்துகொண்டிருந்தன. எனக்குக் கிரிக்கெட்தான் உயிர், ரக்பி அரைகுறை. ஆனாலும் ஒரு பள்ளிக்கூடத்து மைதானத்திலிருந்து கிளம்பி உலகையே சுற்றிவிட்ட ஆட்டம் என்பதால், அந்தப் புல்லை ஒருமுறை பார்த்துவிட ஆசை.

ஊர்ப் பிள்ளைகள் இலவசமாகப் படிக்க லாரன்ஸ் ஷெரிஃப் என்ற மளிகை வியாபாரி விட்டுச்சென்ற சொத்தில் 1567-இல் தொடங்கிய பள்ளி இது. இன்றைய கட்டணத்தைக் கேட்டால் தலை சுற்றுகிறது. இதற்குப் பெயர் 'பப்ளிக் ஸ்கூல்'!

வாசலருகே பந்தை அணைத்துக்கொண்டு ஓடும் வில்லியம் வெப் எல்லிஸின் சிலை. உள்ளே, மைதானச் சுவரில் ஒரு கல்வெட்டு: அந்தக் காலத்துக் கால்பந்து விதிகளைச் சட்டை செய்யாமல் 1823-இல் முதன்முதலாகப் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடி, ரக்பிக்கு வித்திட்டவர் இவரே என்கிறது. பந்தைக் கையால் பிடிப்பது அப்போதும் குற்றமில்லை. பிடித்துக்கொண்டு முன்னால் ஓடுவதுதான் குற்றம். கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது முதலில் அச்சேறியது 1876-இல், எல்லிஸ் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து. சொன்ன பழைய மாணவர் பிளாக்ஸம் அதை நேரில் பார்த்தவரும் அல்லர். 1895-இல் முன்னாள் மாணவர்கள் விசாரித்தபோது, கண்ணால் கண்டேன் என்று சொல்ல ஒருவரும் கிடைக்கவில்லை. இருந்தும் கல்வெட்டு வைத்துவிட்டார்கள். தலபுராணம் இல்லாத கோயில் உண்டா?

என்னைக் கேட்டால், சிலை வைக்க வேண்டியது 1845-இல் விதிகளை எழுதிய மூன்று மாணவர்களுக்கு. ஆசிரியர்கள் அல்ல, மாணவர்களே உட்கார்ந்து 37 விதிகளை எழுதினார்கள். எதிராளியின் காலில் உதைக்கலாம், ஆனால் முழங்காலுக்கு மேலே கூடாது, குதிகாலால் கூடாது. காலணியில் துருத்திய ஆணி கூடாது. இப்படி எழுதிவைக்க வேண்டியிருந்தது என்றால், அதற்கு முன் எத்தனை கால்கள் பட்டிருக்கும் பாடு! ஒரு பக்கத்துக்கு இத்தனை பேர் என்ற கணக்கும் அன்று கிடையாது. 1839-இல் அடிலெய்ட் ராணி வந்திருந்தபோது ஒரே ஒரு விடுதியின் 75 பேர், மற்ற எல்லாரும் சேர்ந்த 225 பேரை எதிர்த்து ஆடியிருக்கிறார்கள். அது ஆட்டமா, மஞ்சுவிரட்டா?

பள்ளிக்கு எதிரே, கில்பர்ட் குடும்பத்தார் செருப்புத் தைத்த கடை. மாணவர்களுக்குப் பந்து செய்து கொடுத்ததும் அவர்களே. பக்கத்திலேயே லிண்டன் என்ற இன்னொரு செருப்புத் தொழிலாளி. பன்றியின் சிறுநீர்ப்பையைப் பச்சையாக வாயால் ஊதி, மேலே தோல் வைத்துத் தைப்பார்கள். பந்து முழு உருண்டையாக இல்லாமல் நீண்டு போனதற்கு அந்தப் பைதான் காரணம். லிண்டனின் வீட்டில் ஊதும் வேலை அவர் மனைவியுடையது. நோய்கண்ட பைகளை ஊதி ஊதியே நுரையீரல் கெட்டு இறந்தார் என்கிறார்கள். பிறகுதான், 1862 வாக்கில், லிண்டன் ரப்பர் பையையும் காற்றடிக்கும் பம்பையும் கொண்டுவந்தார். அந்த அம்மாளுக்கு ஊரில் சிலை எதுவும் என் கண்ணில் படவில்லை.

நம் நாட்டுத் தொடர்பும் ஒன்று உண்டு. இந்தப் பள்ளியில் படித்தவர்கள் சிலரும் சேர்ந்து கல்கத்தாவில் ஒரு ரக்பி கிளப் தொடங்கினார்கள். கிளப்பில் கொடுத்துவந்த இலவச மது நின்றதும் கூட்டம் கரைந்தது. வெயிலுக்கு டென்னிஸும் போலோவும் தேவலை என்று மற்றவர்களும் ஒதுங்கினார்கள். கிளப்பை மூடும்போது வங்கியில் மிச்சமிருந்த வெள்ளி ரூபாய்களை உருக்கி ஒரு கோப்பை செய்து, 1878-இல் இங்கிலாந்துக்குக் கொடுத்துவிட்டார்கள். மூன்று நாகப்பாம்புகள் கைப்பிடி, மூடிமேல் யானை. இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் இன்றும் அதற்காகத்தான் மோதுகின்றன.

திரும்பும் ரயிலில் எல்லிஸைப் பற்றி மேலும் படித்தேன். பள்ளிக்குப் பின் ஆக்ஸ்ஃபோர்டு போனவர், 1827-இல் கேம்பிரிட்ஜுக்கு எதிராகக் களமிறங்கியிருக்கிறார். ஆடியது கிரிக்கெட்.