தலையணை உறைக்குள் ஒரு பூச்சி

2025 நவம்பர் 8, ஜிண்டபைன்

ஆஸ்திரேலியாவின் வேலை-விடுமுறை விசா எனக்குக் குலுக்கலில் விழுந்தது. இந்தியர்களுக்கு வருஷத்துக்கு 1000 இடம், வயது 18 முதல் 30 வரை, 25 டாலர் கட்டிப் பேர் கொடுக்க வேண்டும். ஒரு வருஷம் வேலையும் பார்க்கலாம், ஊரும் சுற்றலாம். எல்லாரும் கடற்கரைப் பக்கம் போகச் சொன்னார்கள். நான் ஸ்னோயி மலைக்கு வந்துவிட்டேன்.

அறை ஜன்னலைத் திறந்தால் ஏரி. பழைய ஜிண்டபைன் அதற்கு அடியில்தான் கிடக்கிறது. 1960களில் நீர்மின் திட்டம் ஒன்றுக்காக ஆற்றை மறித்து அணை கட்டியபோது ஊரைக் கரைக்கு மாற்றிவிட்டார்கள். அந்த நீர்மின் திட்டத்துக்கு 1949 முதல் 1974 வரை ஒரு லட்சம் பேருக்கு மேல் உழைத்திருக்கிறார்கள். அதில் பெரும்பாலோர் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். பிழைக்க வந்தவர்களால் எழுந்த ஊர் என்றதும் கொஞ்சம் ஒட்டுதல் வந்துவிட்டது.

நவம்பர் 15

வேலை த்ரெட்போ என்ற மலையூரில், ஒரு விடுதியில் ஹவுஸ்கீப்பிங். காலை 10 மணிக்கு செக்-அவுட், 2 மணிக்கு அடுத்த ஆள் வந்துவிடுவார். நடுவில் இரண்டு பேராக 11 அறை. முழங்காலால் மெத்தையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே விரிப்பின் மூலையைச் செருகும் வித்தை மூன்றாம் நாள்தான் கைவந்தது. கூலியில் 15 சதவீதம் வரி போகிறது, இடுப்பு வலிக்குக் கழிவு கிடையாது.

துணி வெளுக்கும் அறையில் ராத்திரி விளக்கு அணைக்க மறந்தால் காலையில் தரையெல்லாம் அந்துப்பூச்சி. பழுப்பு நிறம், கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. பெருக்கினால் மாவு மாதிரிப் பொடி எழும்பி மூக்கில் ஏறுகிறது. "போகாங்" என்றாள் கூட வேலை செய்யும் சிலி நாட்டுப் பெண். "இதுவும் நம்மைப் போலத்தான், சீசனுக்கு வந்தது."

நவம்பர் 23

விடுமுறை. கோஸியஸ்கோ மலை ஏறலாம் என்று விடியற்காலையில் வந்து நின்றால் காற்றுக்கு செயர்லிஃப்ட் ஓடவில்லை. த்ரெட்போ ஆற்றோரமாக நடந்தேன். வழியில் 1997 ஜூலை மண்சரிவின் நினைவிடம். நள்ளிரவு நெருங்கும் நேரத்தில் சாலையோரக் கரை சரிந்து இரண்டு விடுதிகளை அடித்துப்போனது. 18 பேர் இறந்தார்கள், ஒருவர் மட்டும் 65 மணி நேரத்துக்குப் பிறகு உயிரோடு மீட்கப்பட்டார். சரிந்ததில் ஒன்று ஊழியர்கள் தங்கிய விடுதி. அதற்கு மேல் நடக்கத் தோன்றவில்லை. பஸ் பிடித்துத் திரும்பிவிட்டேன்.

டிசம்பர் 7

கோஸியஸ்கோ ஏறியாயிற்று. 2228 மீட்டர், ஆஸ்திரேலியப் பெருநிலத்தின் உச்சி. போகவர 13 கிலோமீட்டர், புல் மிதிபடாமல் இருக்க வழிநெடுக இரும்பு வலைப் பாதை. டங் டங் என்று மாடிப்படி ஏறும் சத்தம். உச்சிக்குச் சற்றுக் கீழே கழிப்பறைகூட உண்டு. 1840இல் வந்த போலந்துக்காரர் ஸ்ட்ரெலெக்கி, தம் நாட்டு வீரர் கோஷ்ச்யுஷ்கோவின் நினைவு மேடு போல இருக்கிறதென்று இந்தப் பேரை வைத்தாராம். பார்த்தால் மேடுதான். படம் எடுக்க வரிசை நின்றது. நின்றேன், எடுத்தேன், இறங்கினேன்.

2026 ஜனவரி 11

இன்றைக்கு நடந்ததுதான் நடை. டெட் ஹார்ஸ் கேப் கணவாயிலிருந்து ராம்ஸ்ஹெட் சிகரத்துப் பக்கம், சிலிக்காரியோடு. முதலில் ஸ்னோ கம் மரங்கள். நம் தைல மரத்தின் சொந்தம்தான், ஆனால் காற்றுக்குக் குனிந்து முறுக்கிக்கொண்டு நிற்கின்றன. பட்டையில் பச்சையும் செம்மையும் கோடு கோடாக. கடிக்கும் ஈக்கள் சட்டைக்கு மேலேயே குத்தின. மரம் முடிந்ததும் வெறும் புல்லும் கருங்கல் குவியலும்.

ஒரு பாறைமேல் காக்கைகள் கூட்டமாய். பக்கத்தில் போனால் எண்ணெய் சிக்கிய வாடை. இடுக்கில் போன் வெளிச்சத்தைக் காட்டினாள். சுவர் முழுக்கப் பூச்சி: ஒன்றின் இறக்கைக்கடியில் இன்னொன்று தலை நுழைத்து, ஓடு வேய்ந்தது போல. வெளிச்சம் பட்டதும் அந்த ஓட்டுக்கூரை மெல்ல நெளிந்தது. சட்டென்று அணைத்துவிட்டாள்.

ஒரு சதுர மீட்டரில் 17,000 வரை ஒட்டிக்கிடக்குமாம். சமவெளி வெயிலுக்குத் தப்பி 1000 கிலோமீட்டர் வரை பறந்து வருகின்றன. நட்சத்திரங்களைப் பார்த்துத் திசை பிடிக்கின்றன என்று 2025இல்தான் ஆய்வில் தெரிந்திருக்கிறது. ஆதிகுடிகள் கோடைதோறும் மலையேறி இவற்றைச் சுட்டுத் தின்னக் கூடுவார்களாம். நான் இவற்றைத்தான் ஒரு மாதமாக முறத்தில் அள்ளிக் குப்பையில் கொட்டினேன்.

ஜனவரி 13

அடுத்த வார ரோஸ்டர் வந்துவிட்டது, ஞாயிறும் வேலை. மெயின் ரேஞ்ச் என்ற 22 கிலோமீட்டர் மலைநடை இன்னும் தள்ளிப்போகிறது.

7ஆம் அறைத் தலையணை உறையை உதறும்போது உள்ளே ஒரு போகாங். கையில் ஏந்திப் பின்வாசலுக்குக் கொண்டுபோனேன். பகலில் பறக்க மனசில்லை அதற்கு. கல் சுவரின் இடுக்கோரம் வைத்ததும் நிழல் பக்கமாக நகர்ந்து உள்ளே போயிற்று. விரலில் ஒட்டிய பொடியைக் கழுவிவிட்டு 8ஆம் அறைக்கு ஓடினேன். ராத்திரி துணி அறை விளக்கை நானே போய் அணைத்தேன்.